கணுக்காலில் விழும் குழியும் மலைச்சரிவும்: குருதியோட்டம் மென்னிழையத்தை ஆளும் விதம்

நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறித்து, மாலையில் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) வரிசையில் நின்று நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்பும் பெண்கள் பலருக்குக் கால் வீங்கியிருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பையொட்டித் தோல் படிந்திருக்கும் இடத்தில் பெருவிரலால் சில செக்கன் அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தால், விரல் இருந்த இடத்தில் ஒரு குழி நிற்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் செய்து பார்ப்பதும் இதைத்தான். குழி எவ்வளவு ஆழம், நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்தே வீக்கத்தை மட்டிடுகிறார்கள்.

தோலும் அதன் கீழுள்ள இழையமும் ரப்பராக இருந்திருந்தால், விரலை எடுத்த கணமே பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். களிமண்ணாக இருந்திருந்தால் திரும்பியே இராது. இதுவோ திரும்புகிறது, ஆனால் ஆற அமரத் திரும்புகிறது. அழுத்தியபோது நசுங்கியது திண்மம் மட்டுமன்று என்பதே காரணம். நார்களுக்கிடையே இருந்த நீர் பக்கவாட்டில் ஒதுங்கியது. விரலை எடுத்ததும் அதே ஒடுங்கிய வழிகளில் அது மீண்டும் ஊறி வரவேண்டியிருக்கிறது.

தசை, ஈரல், மூளை, தோல் ஆகியவற்றை வெறும் திண்மப் பொருளாக எண்ணிக் கணக்குப் போட்டால் அது பாதிக் கணக்கு. அவை நீர் நிறைந்த நார்ச் சட்டகங்கள். அந்த நீரை உள்ளே விடும் கதவு குருதிக்குழாய்களிடம் இருக்கிறது. குருதியோட்டம் மாறினால் இழையத்தின் விறைப்பு மாறும். இழையம் விறைத்தால் அதனூடே செல்லும் மெல்லிய குழாய்கள் நெரிபட்டுக் குருதியோட்டம் மாறும். ஒன்றையொன்று பிடித்திருக்கும் இந்த உறவைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் துறையைத்தான் இங்கே அறிமுகப்படுத்துகிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு: வேண்டிய பொருள்களில் பாதி ஏற்கனவே உங்கள் கொப்பியில் இருக்கிறது.

குழாய்க்குள் ஓடுவது

பொசேயின் சமன்பாட்டைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்களில் பலருக்கு அவர் ஒரு வைத்தியர் என்பது தெரியாது. ஜான் லியோனார் மரி பொசே (1797–1869) பிரான்ஸ் நாட்டவர். உடலின் நுண்ணிய குழாய்களில் குருதி எப்படி ஓடுகிறது என்று அறிவதற்காகவே மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்தார். அவருக்குக் கிடைத்த விடை, பாய்ச்சல் வீதம் ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதசமம் என்பது. ஆரை பாதியானால் பாய்ச்சல் பதினாறில் ஒன்றாகிவிடும்.

இந்த நான்காம் அடுக்கு எவ்வளவு கொடியது என்று நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி மாதப் பனியில் கொழுந்து பறிப்பவர்களின் விரல்களைக் கேட்டால் தெரியும். குளிருக்கு விரல் நாடிகள் சுருங்குகின்றன. ஆரை 20 சதவீதம் மட்டும் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். 0.8இன் நான்காம் அடுக்கு 0.41. அமுக்கம் மாறாமல் இருந்தாலும் குருதி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. விரல் வெளுத்து, விறைத்து, மொட்டைக் கிள்ள மறுக்கிறது. உடல் தன் குருதியைப் பங்கிடுவதற்கு இதயத்தைத் தொடவேண்டியதில்லை. சிறு நாடிகளின் ஆரையைக் கொஞ்சம் திருகினாலே போதும்.

ஆனால் பொசேயின் சமன்பாடு சில நிபந்தனைகளைக் கேட்கிறது. குழாய் விறைப்பாக இருக்கவேண்டும், பாய்ச்சல் சீராக இருக்கவேண்டும், பாயி (ஓடும் பொருள்) எங்கும் ஒரே தன்மையுடன் இருக்கவேண்டும். குருதிக்குழாய் மூன்றையும் மீறுகிறது. இதயம் விட்டுவிட்டுத் தள்ளுகிறது. அந்தத் துடிப்போட்டத்துக்கான கணிதத்தை ஜோன் வொமர்ஸ்லி 1955இல் எழுதினார். குருதியோ நீர் போன்ற பாயியும் அல்ல. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது செங்கலங்கள். சுமார் 8 மைக்ரோமீற்றர் அகலமான செங்கலம் தன்னைவிட ஒடுங்கிய மயிர்த்துளைக்குழாய்க்குள் மடிந்து நுழைகிறது. பெரிய நாடிகளில் இதை மறந்துவிட்டு, நீரைவிட மூன்று நான்கு மடங்கு பிசுக்குமை கொண்ட பாயி என்று கணக்குப் போடலாம். நுண்குழாய்களில் அப்படி மறக்க முடியாது.

சுவர் உணர்வது

ஓடும் குருதி சுவரின்மேல் இரண்டு வகையாகத் தன் கையை வைக்கிறது. ஒன்று, வெளிநோக்கித் தள்ளும் அமுக்கம். மற்றது, ஓடும் திசையில் சுவரை உராய்ந்து இழுக்கும் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் படும் விசை). இரண்டின் அளவையும் ஒருமுறை எண்ணில் பார்த்துவிடுவது நல்லது. கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய நாடியை எடுங்கள். ஆரை 3 மில்லிமீற்றர், பாய்ச்சல் செக்கனுக்கு 6 மில்லிலீற்றர், பிசுக்குமை 0.0035 பாஸ்கல் செக்கன் என்று கொள்வோம். பிசுக்குமையையும் பாய்ச்சலையும் நான்கால் பெருக்கி, பையாலும் (π) ஆரையின் மூன்றாம் அடுக்காலும் வகுத்தால் உராய்வுத் தகைப்பு கிடைக்கும்: ஏறத்தாழ 1 பாஸ்கல். அதே இடத்தில் அமுக்கம் 100 மில்லிமீற்றர் இரசம், அதாவது 13,300 பாஸ்கல்.

பதின்மூவாயிரம் எங்கே, ஒன்று எங்கே? மேசைமேல் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் பரவிய நீர் மேசையை அழுத்துவதும் 1 பாஸ்கல்தான். பொறியியலாளரின் கண் அதைத் தூசியென்று தள்ளிவிடும். ஆனால் நாடியின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் கலங்கள் அந்த ஒற்றைப் பாஸ்கலைத்தான் உன்னிப்பாகக் கவனிக்கின்றன. உராய்வு கூடினால் அவை நைத்திரிக் ஒக்சைட்டைச் சுரந்து சுவர்த் தசையைத் தளர்த்தி நாடியை அகலப்படுத்துகின்றன. உராய்வு குறைந்த இடங்களில்தான் கொழுப்புப் படிவு தொடங்குகிறது என்று கொலின் காரோவும் உடனாய்வாளர்களும் 1969இல் சுட்டிக்காட்டினார்கள். நாடி இரண்டாகப் பிரியும் கவட்டின் வெளிப்புறம் அத்தகைய இடம். அங்கே குருதி தயங்கிச் சுழல்கிறது. குருதியோட்டத்தைக் கணினியில் வரைந்து பார்க்கும் ஆய்வுகளுக்கு இந்தக் கவடு இன்றும் பழக்கமான களம்.

அமுக்கம் செய்யும் வேலை இதைவிட முரட்டுத்தனமானது. அது சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கிறது. அந்த இழுவைத் தகைப்பு, அமுக்கத்தை ஆரையால் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் வரும். சுவர்த் தடிப்பு ஆரையில் பத்திலொன்று என்றால், 13,300 பாஸ்கல் அமுக்கம் சுவருக்குள் 133,000 பாஸ்கல் இழுவையாகிவிடும். நாடி விரிந்து சுவர் மெலிந்தால் பெருக்கும் ஆரை கூடும், வகுக்கும் தடிப்பு குறையும். இழுவை இரு பக்கத்தாலும் ஏறும். வீங்கிய நாடி மேலும் வீங்கிக் கடைசியில் கிழிவது இந்தச் சுழலால்தான்.

சுவர் எதனால் ஆனது என்பதும் முக்கியம். ஒரு பொருளின் விறைப்புக்கு யங்கின் மட்டு என்று ஒரே எண்ணைக் கொடுத்துப் பழகிய நமக்கு இங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது. நாடிச் சுவரில் எலாஸ்ரின், கொலாஜன் என்று இரண்டு நார்ப்புரதங்கள் இருக்கின்றன. சிறிது இழுத்தால் எலாஸ்ரின் மட்டும் இசைந்து கொடுக்கும். இன்னும் இழுத்தால், அதுவரை சுருண்டு கிடந்த கொலாஜன் நார்கள் நிமிர்ந்து, இதற்கு மேல் வராதே என்று பிடித்துக்கொள்ளும். தகைப்பையும் விகாரத்தையும் (எவ்வளவு பங்கு நீண்டது என்பதையும்) வரைபடமாக வரைந்தால் முதலில் படுத்திருந்து பிறகு செங்குத்தாக எழும் கோடு வரும். இந்த வளைவை மனத்தில் வையுங்கள். வீங்கிய கால் ஏன் இறுகுகிறது என்பதற்கு விடை இதிலேதான் இருக்கிறது.

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலில் தட்டுவது அப்போதுதான் இதயத்திலிருந்து வந்த குருதி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குருதி வந்துசேரச் சில செக்கன் ஆகும். தட்டுவது சுவரின் வழியே ஓடிவரும் அலை. அதன் வேகத்தைத் தரும் சூத்திரத்தை மோன்ஸ், கோர்ட்வெக் என்ற இரு டச்சுக்காரர்கள் 1878இல் தந்தார்கள். சுவரின் யங் மட்டை அதன் தடிப்பால் பெருக்கி, குருதியின் அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்து வர்க்கமூலம் காணவேண்டும். மட்டு 5 இலட்சம் பாஸ்கல், தடிப்பு ஆரையில் பத்திலொன்று, அடர்த்தி கனமீற்றருக்கு 1060 கிலோகிராம் என்று போட்டால் செக்கனுக்கு 4.9 மீற்றர் கிடைக்கிறது. இளவயதினரின் பெருநாடியில் அளக்கப்படும் வேகமும் இந்த அளவுதான். முதுமையில் இது 10 மீற்றரையும் தாண்டுகிறது. வேகம் இரட்டித்தது என்றால் சுவர் நான்கு மடங்கு விறைத்துவிட்டது என்று பொருள். உள்ளே கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே சுவரின் விறைப்பைக் கண்டுபிடிக்க வைத்தியர்களுக்கு இது கைகொடுக்கிறது.

இழையத்துக்குள் கசிவது

இதுவரை சொன்னதெல்லாம் குழாயும் குழாய்ச்சுவரும். பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு ஈர்ப்பானது இதற்கு அப்பால் நடப்பது.

மயிர்த்துளைக்குழாயின் சுவர் கசியும். உள்ளே இருக்கும் அமுக்கம் நீரை வெளியே தள்ளுகிறது. குருதியிலுள்ள புரதங்கள் பிரசாரண அமுக்கத்தால் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. ஏர்னஸ்ட் ஸ்ராலிங் 1896இல் விளக்கிய கயிறிழுப்பு இது. நாடிப் பக்கத்தில் தள்ளும் அமுக்கம் சுமார் 35 மில்லிமீற்றர் இரசம், நாளப் பக்கத்தில் சுமார் 15, புரதங்களின் இழுப்பு சுமார் 25. ஒரு முனையில் வெளியேறிய நீர் மறுமுனையில் திரும்பிவிடுகிறது என்று பழைய பாடநூல்கள் எழுதின. பெரும்பாலான இழையங்களில் அப்படி நேரே திரும்புவது சொற்பமே என்றும், கசிந்த நீர் நிணநீர்க் குழாய்கள் வழியாகவே குருதிக்கு மீள்கிறது என்றும் இப்போது கருதப்படுகிறது.

இனி, மடுவத்தில் நிற்பவரின் காலைக் கணக்கிடுவோம். இதயத்திலிருந்து கணுக்கால் வரை 1.1 மீற்றர் என்று கொள்ளுங்கள். பாயிநிலையியலின் முதற் பாடம்: அடர்த்தி, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கவேண்டும். 1060, 9.8, 1.1 மூன்றையும் பெருக்கினால் 11,400 பாஸ்கலுக்குச் சற்று மேலே, அதாவது கிட்டத்தட்ட 86 மில்லிமீற்றர் இரசம். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் நாளங்களில் இவ்வளவு மேலதிக அமுக்கம் ஏறுகிறது. மயிர்த்துளைக்குழாய்கள் அதற்குக் கீழே இருக்க முடியாது. 25 என்ற புரத இழுப்பு இந்த 86க்கு முன்னால் எம்மாத்திரம்? சிறு நாடிகள் தாமே இறுகிப் பாய்ச்சலைக் குறைத்து ஓரளவு காப்பாற்றுகின்றன. ஆனாலும் கசிவு கூடுகிறது.

நடக்கும்போது கதை வேறு. கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் நாளங்களைப் பிழிந்து குருதியை மேலே ஏற்றுகிறது; நாளங்களிலுள்ள வால்வுகள் அதைத் திரும்பி விழவிடாமல் தடுக்கின்றன. சில எட்டுகள் வைத்தாலே பாத நாளத்தின் அமுக்கம் 30 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் நேரத்தைவிட, கூடையோடு ஓரிடத்தில் காத்து நிற்கும் நேரமே காலுக்குக் கேடு. நிறுக்கும் வரிசையை விரைவாக நகர்த்துவது வைத்தியம் சார்ந்த விடயமும்தான் என்று நிர்வாகத்தினர் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளட்டும்.

கசிந்த நீர் இழையத்தின் பொறிமுறையை என்ன செய்கிறது? இதற்கான கணிதம் வைத்தியத்திலிருந்து வரவில்லை, மண்ணிலிருந்து வந்தது. பிரான்சின் டிஜோன் நகருக்கு நீர் வழங்கிய பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணலூடாக நீர் ஊறும் வேகம் அமுக்க வித்தியாசத்துக்கு விகிதசமம் என்று 1856இல் எழுதினார். கார்ல் டெர்சாகி என்ற மண் பொறியியலாளர் 1920களில் அடுத்த படியை வைத்தார். ஈரமண்ணின்மேல் ஏற்றிய சுமையைத் துகள்களும் துளைநீரும் பங்கிட்டுத் தாங்குகின்றன. நீரின் பங்கு கூடினால் துகள்களின் பங்கு குறையும் என்றார். பெல்ஜியத்தில் பிறந்த மோரிஸ் பியோ 1941இல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, முப்பரிமாணத்தில், மீள்தன்மைச் சட்டகத்தோடு இணைத்துச் சமன்பாடுகளாக்கினார். நுண்துளை மீள்தன்மைக் கோட்பாடு என்பது இதுதான். வான் மோவும் உடனாய்வாளர்களும் 1980இல் மூட்டுக் குருத்தெலும்புக்கு எழுதிய திண்மம்–பாயி இருகூற்றுக் கோட்பாடு இதற்கு நெருங்கிய உறவு.

பாடநூல்கள் இந்த இடத்தில் பஞ்சை உதாரணம் காட்டும். மலையகத்தில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை. அடைமழையில் மலைச்சரிவுக்குள் நடப்பதை டெர்சாகி சொன்னது போலவே பார்த்தவர்கள் நாங்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கத் துளைநீரின் அமுக்கம் ஏறுகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகிறது. உராய்வு அந்த விசையைத்தான் நம்பியிருக்கிறது, அதுவும் குறைகிறது. ஒரு கட்டத்தில் சரிவு தன் பாரத்தையே தாங்காமல் இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை எங்களில் எவரும் மறக்கவில்லை. சரிவைக் காக்க வரும் பொறியியலாளர் தடுப்புச் சுவர் எழுப்புவதோடு நிற்பதில்லை. மலைக்குள் கிடையாகத் துளையிட்டுக் குழாய் செருகி நீரை வடிக்கிறார். உடலில் அந்த வடிகால் வேலையைச் செய்வது நிணநீர்க் குழாய்கள்.

சமன்பாடு ஒன்றானாலும் விளைவு நேர்மாறாகப் போகும் இடம் ஒன்று உண்டு. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். நீர் ஏறிய சரிவு வலுவிழக்கிறது. நீர் ஏறிய கால் இறுகுகிறது. ஏன்? மண் துகள்களை நெருக்கலாம், இழுக்க முடியாது. அவற்றைக் கோத்துப் பிடிக்கும் நார் எதுவும் மண்ணில் இல்லை. வேர்கள் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். இழையத்தில் கொலாஜன் வலை இருக்கிறது. நீர் அமுக்கம் ஏற ஏற அந்த வலை இழுபடுகிறது. படுத்திருந்து பிறகு செங்குத்தாக எழும் அந்த வளைவில் நார்கள் மேலே ஏறிவிடுகின்றன. ஆகவே இழையம் தொடுவதற்கு விறைப்பாகிறது. துளைநீரைத் தாங்குவதற்கு இழுவிசை ஏற்கும் சட்டகம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் மலையும் காலும் பிரிகின்றன.

இந்த இறுக்கம் எல்லை மீறினால் ஆபத்து. முழங்காலுக்குக் கீழே தசைகள் இசைந்து கொடுக்காத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. சரிவில் விழுந்து எலும்பு முறிந்தவருக்கு அந்த உறைக்குள் குருதியும் நீரும் சேர்ந்து அமுக்கம் ஏறும். நாடியின் தாழ் அமுக்கத்துக்கும் (இதயம் ஓய்ந்திருக்கும் வேளையில் உள்ளது) உறைக்குள்ளிருக்கும் அமுக்கத்துக்கும் இடைவெளி 30 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே வந்தால், தசைக்குக் குருதி போவது நின்றுவிடும் என்று அஞ்சி சத்திரசிகிச்சை நிபுணர்கள் உறையைக் கீறித் திறக்க ஆயத்தமாவார்கள். குருதி கசிந்து இழையத்தை விறைக்க வைக்க, விறைத்த இழையம் குருதியையே தடுக்கிறது. ஒன்றையொன்று பிடித்திருக்கும் உறவு என்று தொடக்கத்தில் சொன்னது இந்த முடிச்சைத்தான்.

குழி நிரம்பும் நேரத்துக்கும் பியோவின் கோட்பாடு ஒரு நேரான விதி தருகிறது. நீர் நகரவேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு நேரம் விகிதசமம். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. நார்கள் நெருங்கி நீர் ஊறும் வழி ஒடுங்கினாலும் நேரம் நீளும். சட்டகம் மிருதுவானாலும் நீளும். பெருவிரல் போட்ட குழி ஏன் சிறுவிரல் நுனி போட்டதைவிட நீண்ட நேரம் நிற்கிறது என்று வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம்.

விறைப்பை அளப்பது

குருதியோட்டம் இழையத்தின் விறைப்பை மாற்றுகிறது என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமா? ஈரலைப் பாருங்கள். ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் இருக்கிறது. உடலின் மேற்பரப்பில் ஒரு சிறு தட்டுத் தட்டி, அந்த அதிர்வலை ஈரலூடே ஓடும் வேகத்தை மீயொலியால் அளக்கிறார்கள். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியாலும் மூன்றாலும் பெருக்கினால் யங்கின் மட்டு வரும். வேகம் செக்கனுக்கு 1.3 மீற்றர் என்றால் மட்டு 5 கிலோபாஸ்கல். சுகமான ஈரலுக்கு இது வழக்கமான அளவு. உருக்கின் 200 கிகாபாஸ்கலோடு ஒப்பிட்டால் நான்கு கோடியில் ஒரு பங்கு.

இந்தப் பரிசோதனைக்கு முன் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சாப்பிட்டால் குடலிலிருந்து ஈரலுக்கு வரும் குருதி கூடும். ஈரல் நோய் எதுவுமில்லாமலே விறைப்பாகத் தெரியும். இதயம் பலவீனமாகி நாளக் குருதி பின்னே தேங்கியவர்களுக்கும் அப்படியே: தழும்பு இல்லாத ஈரல்கூட ஸ்கேனில் தழும்பு ஏறியது போல எண் காட்டும், தேக்கம் குறைந்ததும் எண் இறங்கும். ஆகவே அளந்த விறைப்பில் நாரின் பங்கு எவ்வளவு, குருதி அமுக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவேண்டிய தேவை வருகிறது. இந்தத் துறையின் மாதிரிகள் வைத்தியசாலைக்குப் பயன்படும் இடங்களில் இது ஒன்று. இத்தகைய அலைகளைக் காந்த ஒத்திசைவுப் படங்களில் நேரடியாகக் காட்டும் முறையை 1995இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் முத்துப்பிள்ளை. அந்தப் பெயரைக் கண்டபோது நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைப்பானேன்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது

கணினியில் இதைச் செய்யும்போது குருதிக்கு ஒரு சமன்பாட்டுத் தொகுதி, சுவருக்கும் இழையத்துக்கும் இன்னொன்று. இடத்தைச் சிறுசிறு கூறுகளாகவும் நேரத்தைச் சிறுசிறு படிகளாகவும் வெட்டித் தீர்ப்பார்கள். கேள்வி, இரண்டையும் எப்படிப் பேசவைப்பது என்பது. எளிய வழி ஒருவழித் தொடர்பு: குழாய் அசையாது என்று வைத்துக் குருதியைத் தீர்த்து, கிடைத்த அமுக்கத்தை இழையத்தின்மேல் ஏற்றிவிடுவது. எலும்பையொட்டிய விறைத்த நாடிக்கு அது போதும். பெருநாடி போல ஒவ்வொரு துடிப்புக்கும் விட்டம் கண்ணுக்குத் தெரிய மாறும் குழாய்க்குப் போதாது. அங்கே அமுக்கம் சுவரை நகர்த்த, நகர்ந்த சுவர் ஓட்டத்தின் வடிவத்தை மாற்ற, மாறிய ஓட்டம் புதிய அமுக்கத்தைத் தர, இரண்டும் ஒத்துப்போகும்வரை ஒவ்வொரு நேரப்படியிலும் மாறிமாறித் தீர்க்கவேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உயிர்ப்பொறிமுறையியலின் தந்தை என்று போற்றப்படும் யுவான்-செங் ஃபங் (1919–2019) முதலில் விமானச் சிறகுகள் காற்றில் படபடப்பதை ஆராய்ந்தவர். பிறகுதான் நாடிக்கும் நுரையீரலுக்கும் வந்தார். சிறகும் காற்றும், சுவரும் குருதியும் ஒரே இனத்துப் பிரச்சினைகள் என்பதால் அந்தப் பயணம் இயல்பானது. ஆனால் சிறகுக்குப் பயன்பட்ட கணினி முறையை அப்படியே நாடிக்குப் போட்டால் விடை சில படிகளிலேயே வெடித்துச் சிதறும். காற்றின் அடர்த்தி கனமீற்றருக்கு சுமார் 1.2 கிலோகிராம், உலோகச் சிறகுக்கு முன் அது பொருட்டேயில்லை. குருதியின் அடர்த்தியோ சுவரின் அடர்த்திக்குக் கிட்டத்தட்டச் சமம். மெல்லிய சுவர் அசையும்போது தன்னைவிடப் பாரமான குருதியையும் சேர்த்துத் தள்ளவேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் பாரத்தை ஒரு நேரப்படி தாமதித்துச் சுவருக்குச் சொல்லும் முறைகள் நிலைகுலைகின்றன; நேரப்படியைச் சிறிதாக்கினாலும் அவை தேறுவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துத் தீர்ப்பதோ, ஒவ்வொரு படியிலும் உடன்பாடு வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவதோதான் வழி.

தொடங்க விரும்பும் மாணவர்கள் முப்பரிமாணப் படங்களில் மயங்கி நேரே அங்கே குதிக்கவேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ஒரு விரிதாள் போதும். 1899இல் ஒட்டோ ஃபிராங்க் எழுதிய மாதிரி, நாடிகள் அனைத்தையும் சேர்த்து இசைந்து விரியும் ஒரே அறையாகவும், நுண்குழாய்கள் அனைத்தையும் ஒரே தடையாகவும் கொள்கிறது. நிமிடத்துக்கு 5 லீற்றர் என்பது செக்கனுக்கு 83 மில்லிலீற்றர்; சராசரி அமுக்கம் 100 மில்லிமீற்றர் இரசம் என்றால், அமுக்கத்தைப் பாய்ச்சலால் வகுக்கத் தடை 1.2. அறையின் இசைவை (அமுக்கம் ஏற அது எவ்வளவு விரியும் என்பதை) ஒரு மில்லிமீற்றர் இரசத்துக்கு 1.2 மில்லிலீற்றர் என்று வையுங்கள். இரண்டின் பெருக்கம் 1.44 செக்கன், இதயம் ஓய்ந்திருக்கும் வேளையில் அமுக்கம் தேயும் கால அளவு அது. 115இல் தொடங்கி அரைச் செக்கன் தேயவிட்டால் 81இல் வந்து நிற்கும். வைத்தியர் சொல்லும் சாதாரண எண்ணுக்கு எவ்வளவு அருகில்! இனி, சுவர் விறைத்ததாகக் கொண்டு இசைவைப் பாதியாக்கித் திரும்ப ஓட்டுங்கள். அதே 115, அரைச் செக்கனில் 57க்கு விழும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி விரிகிறது. முதியவர்களின் குருதி அமுக்கத்தில் காண்பதும் இந்த விரிவுதான்.

அது கைவந்தபின் எஃப்.ஈ.பயோ என்ற இலவச மென்பொருளில் சிறு இழையத் துண்டொன்றை நுண்துளைப் பொருளாக வரைந்து, மேலிருந்து விரல் போல ஒரு சுமையை அழுத்தி எடுத்துப் பாருங்கள். குருதியோட்டத்துக்கு சிம்வாஸ்குலர் இருக்கிறது, அதுவும் இலவசம். சாதாரண மடிக்கணினியில் சிறிய துண்டுகளுக்கு இரண்டும் ஓடும். நீர் ஊறும் தன்மையைப் பத்து மடங்கு குறைத்தால் குழி நிரம்பும் நேரம் எத்தனை மடங்காகிறது என்று முதலில் கையால் கணித்து எழுதிவைத்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். விடை வந்ததும் கூறுகளையும் நேரப்படியையும் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டுங்கள். எண் குறிப்பிடத்தக்க அளவு மாறினால் முதல் விடையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாறாமல் நிற்கும்வரை கூறுகளின் வலையை நெருக்கிக்கொண்டே போகவேண்டும்.